வெயில் என்று சொன்னேன்

மனச்சோர்வுக்குக் குளிசை எடுப்பது எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான் முருங்கன் கிளினிக் வரை பஸ் ஏறிப் போய் மருந்தெடுத்து வந்தேன். இரண்டாம் வருடம் என் நெற்றியும் கன்னங்களும் சாம்பல் நிறமாகின.

"இந்தக் குளிசை எடுக்கேக்க வெயில் பட்டால் சிலருக்கு இப்பிடி வரும். பயப்பிடாதேங்கோ, வேற மாத்தலாம். நீங்களா மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ" என்றார் டொக்டர்.

அன்றைக்குப் பஸ் தரிப்பில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து இருந்தாள். ஊர் இலுப்பைக்கடவையாம். முகத்தை மூடியிருந்த சால்வையைச் சற்று விலக்கினாள். அதே சாம்பல் நிறம்.

"அக்கா, உங்களுக்கும் குளிசையாலதானோ? பேய் மாதிரி இருக்கிறாய் எண்டு மனுசன் பேசுறார். நிப்பாட்டுவம் எண்டு யோசிக்கிறன்."

எங்கள் ஊர் மீன் வியாபாரி இரண்டடி தள்ளி நின்றார்.

"எனக்கென்னத்துக்குக் குளிசை? இது கருவாடு காயப்போடுற வெயில்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப எனக்கு மட்டும்தான்" என்று சால்வையை இழுத்து மூடிக்கொண்டாள். பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன்.

அடுத்த கிளினிக்குக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

குளிசை மாற்றிய பிறகு என் நிறம் மெல்லத் திரும்புகிறது. ஊரில் எல்லோரும் சந்தோசப்படுகிறார்கள். நான் இன்னும் கிளினிக் நாட்களில் அந்தத் தரிப்பில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். இனி அவள் வந்தாலும், எனக்கும்தான் என்று காட்ட அந்த முகம் என்னிடம் இருக்காது.