ஒரு சைக்கிள், இரண்டு உயரம்

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒன்றரை மணிக்கு ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் இறங்கினேன். பாரிஸிலிருந்து இரவு முழுவதும் பேருந்துப் பயணம். சப்பாத்துக்குள் பனித்தண்ணீர் ஏறி, கால்விரல்கள் இருக்கும் உணர்வே இல்லை. என் மூத்த அண்ணனோடு படித்த நாதன் அண்ணை, நகரப் பேருந்து ஓட்டுநரின் சீருடையில் வந்து நின்றார்.

“கெதியா வாடா. மூண்டு மணிக்கு நான் பஸ் எடுக்கோணும்.”

வீட்டுப் படியில் அவர் மனைவி வசந்தி அக்கா எதிர்ப்பட்டார். முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார்.

“இஞ்சருங்கோ, பல்லு டொக்டரின்ர தெர்மீன் நாள் வியாழனுக்கு மாத்தியாச்சு.”

“ஓம். பருப்பு அடுப்பில இருக்கு.”

அவ்வளவுதான். அண்ணை போய்விட்டார். அவர் திரும்புவது நள்ளிரவுக்குப் பிறகு. அக்கா வேலைக்குக் கிளம்புவது விடியுமுன். அன்றைக்கு அவர்கள் முகம் பார்த்துப் பேசியது அந்தப் படியில் மட்டும்.

என் பையை வைக்க அக்கா நிலவறைக்குக் கூட்டிப்போனார். துவைத்த துணிகளுக்கு நடுவே, உருளைகளின் மேல் ஒரு சைக்கிள் நின்றது. எவ்வளவு மிதித்தாலும் இடம் நகராது. இருக்கைக் கம்பியில் கீழே ஒரு சிவப்பு நாடா, மேலே ஒரு நீல நாடா.

“சிவப்பு என்ர உயரம், நீலம் அவற்ற. காலமை அவர் ஓடுவார், பின்னேரம் நான். சீற் நீலத்திலயே நிண்டா, நான் களைச்சுப்போய் ஓடேல்லை எண்டு அவருக்கு விளங்கும். அண்டைக்கு எனக்கும் சேத்துச் சமைச்சு வைச்சிட்டுப் போவார்.”

“ஏன் அக்கா இவ்வளவு பாடு?”

“கோடையில ஹம் நகரத்துக் கோயில் திருவிழாவுக்கு ரெண்டு பேரும் சைக்கிளில போறம். எழுபது கிலோமீற்றர். காரில போனா இவர் குறட்டை, நான் ஸ்டியரிங். இந்த முறை பக்கத்தில பக்கத்தில.”

அக்கா ஓடி முடித்துப் படுத்த பிறகு நானும் ஏறிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. இறங்கி வந்து தூங்கிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அண்ணை கீழிருந்து கத்தினார். “டேய்! சீற் ரெண்டுக்கும் நடுவில நிக்குது. இவ வளந்திட்டாவோ?”

“நான்தான் அண்ணை.”

“உது எங்கட தபால்பெட்டியடா. அதுக்குள்ள கையை விட்டிட்டாய்!” சிரித்துக்கொண்டே இருக்கையை உயர்த்தினார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காரில் பனிச்சறுக்கு ஊரான வின்டர்பேர்க்குக்குப் புறப்பட்டோம். நூற்றுப்பத்துக் கிலோமீற்றர், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சறுக்குக் கட்டைகளும் சப்பாத்தும் வாடகை பதினெட்டு யூரோ. அண்ணை என்னைப் பொக்கற்றில் கை வைக்க விடவில்லை. அக்கா பனியில் முழந்தாளிட்டு என் சப்பாத்தைக் கட்டிவிட்டார். மலையிலிருந்து பாய்ந்து இறங்கும் விளையாட்டு அல்ல இது. பனியில் பதித்த இரட்டைக்கோட்டில் காலால் தள்ளித் தள்ளிப் போவது. சைக்கிள் ஓடும் தொடைக்கு நல்ல மருந்து என்றார் அண்ணை.

எனக்கு அது விழுந்து எழும்பும் விளையாட்டாகவே இருந்தது.

“முழங்காலை மடியுங்கோ தம்பி. கலியாண வீட்டு வாசலில நிக்கிறமாதிரி நிமிந்து நிண்டா விழத்தான் வேணும்,” என்றார் அக்கா.

என்னைத் தனியே விட அவர்களுக்கு மனமில்லை. அண்ணை ஒரு சுற்றுப் போனபோது அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் வந்ததும் அக்கா புறப்பட ஆயத்தமானார். கையுறையை மாட்டியபடி, குறை சொல்லும் தொனியே இல்லாமல் சொன்னார்: “இந்த வின்டரில ரெண்டு பேருக்கும் ஒண்டா லீவு விழுந்த முதல் ஞாயிறு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வந்ததால், இந்தப் பனியிலும் அவர்கள் முறைவைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

“அக்கா, எனக்குக் கால் நோகுது. கடையில இருக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ.”

“எந்தக் கால்?”

“இடது.”

“பிடிச்சுக்கொண்டு நிக்கிறது வலது.” பிறகு அண்ணையின் கையைத் தட்டினார். “வாங்கோ.”

மூன்று யூரோ இருபது சதத்துக்கு ஒரு தேநீர் வாங்கி, யன்னலோரம் கால்விரல்களைச் சூடாக்கியபடி இருந்தேன். நாலு கிலோமீற்றர்ச் சுற்று அது. அண்ணை தனியே அரை மணியில் முடித்ததை, இருவருமாக ஒன்றரை மணி நேரம் போனார்கள். அடுத்தடுத்த இரு தடங்களில் பக்கத்தில் பக்கத்தில் வந்தார்கள். இருவர் முதுகிலும் பனி அப்பியிருந்தது.

“விழுந்தனீங்களோ?”

“இவர் விழுந்தார். தூக்கப்போய் நானும்,” என்றார் அக்கா. சிரிப்பில் மிச்சம் வரவில்லை.

“உன்ர கால் எப்பிடி?” என்றார் அண்ணை.

“எந்தக் கால்?” என்று கேட்டுவிட்டேன். கடைக்காரப் பெண் திரும்பிப் பார்க்கும்படி மூவரும் சிரித்தோம்.

திங்கள் மாலை ஐந்து மணிக்கு எனக்குப் பேருந்து. அண்ணை வேலைக்குப் போயிருந்தார். அக்கா குசினியில் எனக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தார். பை எடுக்க நிலவறைக்கு இறங்கினேன். இருக்கை சிவப்பில் நின்றது. உடம்பு நோவோடும் ஓடியிருக்கிறார். கைபிடியில் வியர்வை இன்னும் காயவில்லை. அண்ணைக்கு உதவியாக நீலத்துக்கு உயர்த்தி வைப்போமா என்று கையை நீட்டினேன். பிறகு இழுத்துக்கொண்டேன்.

பாரிஸில் ஒரே மெத்தையில் நானும் இன்னொருவரும் முறைவைத்துப் படுக்கிறோம். நான் எழும்பிப் போனபின் அவர் வருவார். பெயர் தெரியும், பேசியது குறைவு. பாரிஸுக்குப் போனதும், வேலைக்குக் கிளம்புமுன் அவருக்கு ஒரு தேத்தண்ணி போட்டு மூடி வைக்கவேண்டும்.