இக்னேஷியஸ் தட்டிய கதவு

கொரட்டூர் ரயில் நிலையத்திலிருந்து ஏரிப் பக்கம் போகும் சாலையில் இக்னேஷியஸ் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. போன் பூத் வைத்திருந்தான். ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு நாற்காலி, சுவரில் மாதா படம். இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். எப்படிப் போனது என்று யாராவது கேட்டால், "ரயில்ல மாட்டிக்கிச்சு" என்பான். அதற்கு மேல் யாரும் துருவியதில்லை.

உண்மையில் அந்தக் கால் 1988இல் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்மண் பாதையில் போனது. கண்ணிவெடி. இருபது வயதில் ராணுவத்தில் சேர்ந்து, பனியிலும் பாலைவனத்திலும் ஏழு வருடம் ஓட்டிவிட்டு, கடைசியில் இந்திய அமைதிப்படையில் தன் பாஷை பேசுகிற ஊருக்கே துப்பாக்கியோடு அனுப்பப்பட்டவன் அவன். சொந்த ஊரான நெமிலிச்சேரியில் எல்லோருக்கும் இது தெரியும் என்பதாலேயே, திரும்பி வந்ததும் மனைவி ஞானகுமாரியைக் கூட்டிக்கொண்டு கொரட்டூருக்கு வந்துவிட்டான். இங்கே அவன் ரயிலில் காலை விட்டவன். அது போதுமாக இருந்தது.

ஞானகுமாரி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். அவளுக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவள் செல்வமலர். யாழ்ப்பாணத்துக்காரி. தொண்ணூறில் ஷெல் விழுந்து புருஷன் செத்துப்போக, படகேறி வந்தவள். ஜெர்மனியில் இருக்கும் தம்பியோடு பேச மாதத்தில் இரண்டு ஞாயிறு இக்னேஷியஸின் பூத்துக்கு வருவாள். லைன் கிடைக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்து கிணறு, முருங்கை, கோயில் திருவிழா என்று பேசிக்கொண்டிருப்பாள். அவள் சொல்லும் ஊர்ப்பெயர்களில் பாதி அவனுக்குத் தெரிந்தவை. தெரியாதவன் போலத் தலையாட்டிக்கொண்டு கேட்பான்.

1995இல் பூத்துக்குப் பின்சந்தில், மூடிக்கிடந்த லேத் பட்டறை ஒன்றில் நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். தோள்வரை முடி, கறுப்புச் சட்டை, இரண்டு கிடார், ஒரு டிரம் செட். ஹெவி மெட்டல் என்றார்கள். குழுவுக்குத் 'துரு' என்று பெயர். அவர்களில் தலைவன் போலிருந்த ஆனந்தன், பழைய கொரட்டூர் கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பட்டறை அவன் அப்பா திருவேங்கடத்துடையது.

டிரம் அடி விழும்போதெல்லாம் இக்னேஷியஸுக்கு இல்லாத காலின் பாதம் வலித்தது. நான்காம் நாள் பூத்தைச் சாத்திவிட்டு நேராகப் பட்டறைக்குள் போனான்.

"இன்னாடா கூத்து இது? மன்சன் உயிரோட இருக்கறதா வேணாமா?"

ஆனந்தன் கிடாரைக் கழற்றினான். "மன்னிச்சுக்கோ அண்ணாத்தே. வீடியோ ஒண்ணு எடுக்கப் போறோம். அதுக்குத்தான் பிராக்டீஸ். யுத்தத்தப் பத்தின பாட்டு. செத்துப்போற ஜனங்களப் பத்தி."

"நீ யுத்தத்த எங்க பாத்தே?"

"டிவில பாத்தேன்."

தரையில் பாட்டு எழுதிய தாள் கிடந்தது. தீ, ரத்தம், மரணம் என்று வரிக்கு வரி எழுதியிருந்தான். இக்னேஷியஸ் அதை எடுத்துப் படித்தான். கோபம் எங்கோ போய்விட்டது.

"இவ்ளோ சத்தம் அங்க இருக்காதுபா," என்றான். "முக்காவாசி நேரம் சத்தமே இருக்காது. நடப்போம். கதவத் தட்டுவோம். அவ்ளோதான்."

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டிரம்காரன் தன் ஸ்டூலை அவனிடம் நகர்த்தினான். இக்னேஷியஸ் உட்கார்ந்தான். ஏழு வருடமாக ஞானகுமாரியிடம்கூட முழுசாகச் சொல்லாததை, பேர் தெரியாத நான்கு பேரிடம் சொன்னான்.

படையில் தமிழ் தெரிந்தவன் என்பதால் வீடு வீடாகப் போகும்போது அவனைத்தான் முன்னால் விடுவார்கள். அதிகாரி சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் பதினெட்டு வயதுப் பையனை விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த அம்மா இவன் தமிழைக் கேட்டதும் மற்றவர்களை விட்டுவிட்டு இவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப தம்பி விடுவினம்?" என்று கேட்டாள். அதிகாரி சொல்லச் சொன்னதை இவன் சொன்னான்: "ஒரு மணி நேரத்துல வந்துருவாம்மா." நாலு நாள் கழித்துக் கண்ணிவெடி. ஆஸ்பத்திரி, கப்பல், சென்னை. அந்தப் பையன் வீடு திரும்பினானா இல்லையா என்பது இவனுக்குத் தெரியவே இல்லை.

"கால் போனதுகூட எனக்கு அப்புறந்தான்," என்றான். "நான் சொன்ன அந்த ஒரு மணி நேரந்தான் இன்னும் ஓடிக்கினு கீது."

ஆனந்தன் தரையில் கிடந்த தாளைக் கிழித்துப் போட்டான். அடுத்த வாரம் புதுத் தாளோடு பூத்துக்கு வந்தான்.

கதவு, கதவு, யாருடைய கதவு?
என் பூட்ஸின் தடம்
இன்னும் அதில் இருக்கா?

"நீங்களே நடிக்கணும் அண்ணாத்தே. நாங்க யார வெச்சு எடுத்தாலும் அது பொய்யாப் பூடும்."

இக்னேஷியஸ் உடனே சரி சொல்லவில்லை. நடிப்பதில் பயமில்லை. வீடியோ வெளியே வந்தால் செல்வமலர் பார்ப்பாள். அன்று மாலை ஞானகுமாரியிடம் சொன்னான். பட்டறையில் அவன் சொன்னதையெல்லாம் அவள் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "நாம சொல்லாம, டிவில பாத்து அவங்க தெரிஞ்சிக்கினா அது இன்னும் அசிங்கம். நீயே சொல்லு," என்றாள்.

அடுத்த ஞாயிறு செல்வமலர் பெஞ்சில் உட்கார்ந்ததும் சொன்னான். முதலில் கால் போன இடத்தின் பெயரைச் சொன்னான். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கள் ஆமியில இருந்தனீங்களோ?"

"ஆமாக்கா."

"ரெண்டு வருசமா எங்கட ஊர்க் கதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தனீங்கள். ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

அவள் குடையை எடுத்துக்கொண்டு, தம்பிக்குப் போன் போடாமலே எழுந்து போனாள். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை. அம்பத்தூரில் வேறொரு பூத்துக்குப் போகிறாள் என்று ஞானகுமாரி சொன்னாள். மெஷினில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம்.

வேண்டாம், விட்டுவிடலாம் என்று ஆனந்தனிடம் சொல்ல இக்னேஷியஸ் முடிவுசெய்திருந்த சமயத்தில், ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து செல்வமலர் வந்தாள். உட்காரவில்லை.

"என்ர அவரைக் கொன்றது ஆரின்ர ஷெல் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. ஆரைக் கோவிக்கிறதெண்டும் தெரியாது. அதை எல்லாம் உங்கட தலையில கட்டுறது சரியில்லை. ஆனா மன்னிச்சிட்டன் எண்டு சொல்லவும் நான் வரேல்லை."

"தெரியும்க்கா."

"அந்தக் கதவை ஆர் திறக்கிறது? அந்தப் படத்தில?"

"இன்னும் ஆள் கிடைக்கல. நாடகத்துல நடிக்கிற ஒரு அம்மா வந்து பாத்தாங்க. ஓன்னு அழறாங்க."

"அழ மாட்டினம் தம்பி. பிள்ளையைக் கொண்டுபோற ஆக்களுக்கு முன்னால ஆர் அழுவினம்? நான் திறக்கிறன்."

நூம்பலில் இடிப்பதற்கு நாள் குறித்திருந்த ஒரு பழைய ஓட்டு வீடு கிடைத்தது. கல்யாண வீடியோ எடுக்கும் பரந்தாமன் தன் கேமராவோடு வந்தான். ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். ராணுவ உடை வேண்டாம் என்று இக்னேஷியஸ் சொல்லிவிட்டான். தினமும் போடும் பேன்ட் சட்டையிலேயே, நொண்டிக்கொண்டே நடந்து போய்க் கதவைத் தட்டினான்.

செல்வமலர் திறந்தாள். அவன் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். வாய் வரவில்லை. பரந்தாமன் ஏதோ கேட்க வாயெடுத்தான். ஆனந்தன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் இக்னேஷியஸ் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"ஒரு மணி நேரத்துல வந்துருவாம்மா."

செல்வமலருக்கு வசனம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"அப்ப நான் சோத்தை மூடி வைக்கிறன்," என்றாள்.

இக்னேஷியஸ் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். எல்லோருக்கும் முன்னால் அழுதான். செல்வமலர் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அவன் எழுந்திருக்கும்வரை அங்கேயே நின்றாள். அந்தப் பகுதியை வீடியோவில் சேர்க்க வேண்டாம் என்று ஆனந்தனே சொல்லிவிட்டான்.

பாட்டு ஆறு நிமிடம். பட்டறையில் முடியைச் சிலுப்பிக்கொண்டு பையன்கள் வாசிப்பதும், கதவு நோக்கி அவன் நடப்பதும் மாறி மாறி வந்தன. கதவு திறந்ததும் இசை அடியோடு நின்றது. இரண்டு பேர் குரல் மட்டும் கேட்டது. உள்ளூர் கேபிள்காரர் ஒரு ஞாயிறு மதியம் படம் முடிந்ததும் அதைப் போட்டார். சத்தம் தாங்காமல் டிவியை அணைத்தவர்கள் பலர். டீக்கடை கோதண்டம் மட்டும் மறுநாள் பூத்துக்கு வந்து, "கத்தற எடத்துலலாம் ஒண்ணும் தோணல நைனா. கம்முனு இருந்த எடத்துலதான் கொல நடுங்கிச்சு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேசட் புழல் அகதி முகாமுக்கும் போனது. செல்வமலர்தான் கொடுத்தனுப்பினாள். இரண்டு வாரம் கழித்து அங்கிருந்து சிவபாதம் என்றொரு பெரியவர் பூத்தைத் தேடிக்கொண்டு வந்தார். சண்டைபோட வந்திருக்கிறார் என்று இக்னேஷியஸ் எழுந்து நின்றான். அவரோ மடியிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து வைத்தார். படகேறும்போது பிரிந்துபோன தங்கை. "நீங்கள் அந்தப் பக்கம் எல்லாம் நடந்த ஆள். எங்க கேக்கலாம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லி அவரை அனுப்ப மனம் வரவில்லை. செல்வமலரைக் கூப்பிட்டான். காணாமல் போனவர்களைத் தேடித்தரச் சொல்லிச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கடிதம் எழுதலாம் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஊர், பக்கத்துக் கோயில், கடைசியாகப் பார்த்த நாள் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, இக்னேஷியஸ் எழுதினான். அடுத்த ஞாயிறு வேறு இரண்டு பேர் வந்தார்கள். அதன்பின் ஞாயிறுதோறும் பெஞ்சில் இடமில்லை. ஞானகுமாரி வீட்டிலிருந்து இன்னொரு பெஞ்சை அனுப்பிவைத்தாள்.

அந்தப் பதினெட்டு வயதுப் பையனுக்காகவும் அவன் எழுதினான். பெயர் நினைவில்லை. ஊரும், வீட்டுக்கு எதிரே இருந்த புளியமரமும்தான் நினைவிருந்தன. அதற்குப் பதில் வரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை மறுபடி எழுதிப் போடுவதை அவன் நிறுத்தவும் இல்லை. 'துரு' அடுத்த வருடமே கலைந்தது. ஆனந்தன் பெங்களூரில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்குப் போனான்.

1997 ஆகஸ்டில், தங்கை வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறாள் என்று சிவபாதத்துக்குக் கடிதம் வந்தது. அதில் ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தது. இக்னேஷியஸ் பதினோரு முறை முயன்றான். பன்னிரண்டாம் முறை மணி அடித்தது. ரிசீவரைப் பெரியவர் கையில் கொடுத்து, கூண்டின் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றான். உள்ளே அவர் பேசவே இல்லை. கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார். செல்வமலர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அவள் ஏசுறாள் போல. இவ்வளவு நாளும் எங்க போய்க் கிடந்தனீ எண்டு."

"நல்லா திட்டட்டும்க்கா," என்றான் இக்னேஷியஸ். பெஞ்சில் அடுத்துக் காத்திருந்த பெண்ணிடம் திரும்பி, பேனாவைத் திறந்துகொண்டு, "சொல்லும்மா, எந்த ஊரு?" என்றான்.