அதிகம் பேச மாட்டார்

பெயிண்டருக்கு இப்போதெல்லாம் வேலை பிடித்துக் கொடுப்பது மனிதர்கள் இல்லை. அவர் போனில் ஒரு ஏஐ ஏஜென்ட் இருக்கிறது. மகள் போட்டுக் கொடுத்தது. மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவள், இதிலெல்லாம் கெட்டி. வேலை தேடும் ஏஜென்ட்டுகள் பொதுப் பதிவேடு ஒன்றில் ஆளுக்கொரு அட்டை வைத்திருக்கும். வீட்டுக்காரர்களின் ஏஜென்ட்டுகள் அதைப் படித்து, மற்ற ஏஜென்ட்டுகளிடமும் விசாரித்து, நாளையும் கூலியையும் பேசி முடித்துவிடும். வேலை முடிந்து போட்டோ அனுப்பினால் பணம் வந்து விழும். பெயிண்டர் செய்ய வேண்டியதெல்லாம் சொன்ன விலாசத்தில் போய் நிற்பதுதான்.

அட்டையில் அவரைப் பற்றிச் சுருக்கமாக எழுதச் சொன்னது ஏஜென்ட். அம்மா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்த நேரம். அப்பாவிடம் எதைக் கேட்டாலும் 'ம்' என்பதோடு சரி. "சுத்தமாக வேலை செய்வார். அதிகம் பேச மாட்டார்" என்று தட்டிவிட்டாள் மகள். பாதி கிண்டல், பாதி கோபம்.

ஏஜென்ட்டுக்கு அதெல்லாம் தெரியுமா என்ன? நோயாளிகளுக்குக் கட்டில் வாடகைக்கு விடும் கடை ஒன்று உண்டு. அதன் ஏஜென்ட் இந்த வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டிலிருந்து கட்டில் திரும்பி வந்தால் பெரும்பாலும் அங்கே என்ன நடந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்? அந்த வீட்டு ஏஜென்ட் அறைக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் தேடும். துருவித் துருவிக் கேட்காத ஆள் வேண்டும் என்று சொல்லும். கட்டில் கடை ஏஜென்ட் பெயிண்டரைக் கைகாட்டிவிட்டு, சின்னதாக ஒரு கமிஷனும் வாங்கிக்கொள்ளும். கட்டில் வெளியே போனால் பெயிண்டர் உள்ளே என்று ஆகிவிட்டது.

இரண்டு வருஷத்தில் முப்பத்தோரு வீடு. எல்லாமே யாரோ போய்ச் சேர்ந்த அறை. "என்ன கலர்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். எல்லோரும் வெள்ளை என்பார்கள். சுவரில் கட்டில் உரசிய கீறல் இருக்கும், மருந்து சிந்திய கறை இருக்கும், எழுந்திருக்கும்போது ஊன்றிய கையின் அழுக்குத் தடம் இருக்கும். பட்டி வைத்துத் தேய்த்து, இரண்டு கோட் அடித்துவிட்டு வந்துவிடுவார். பாவம் என்றுகூட அவருக்குத் தோன்றியதில்லை. கல் மனசு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்லாவது வெயில் பட்டால் சூடேறும்.

அவர் வீட்டிலும் அப்படி ஓர் அறை பூட்டிக் கிடந்தது. பெயிண்டர் வீடல்லவா, அதனால் பத்து வருஷமாகப் பெயிண்ட் பார்க்காத அறை. நீலம் அடித்துக் கொடுங்கள் என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். மகள் ஹாலில், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் படுத்தாள். அறையைத் திறக்கச் சொல்லி மூன்று முறை கேட்டுப் பார்த்தாள். நாலாவது முறை கேட்கவில்லை, சொன்னாள்.

"அடுத்த மாசம் அந்த ரூம் எனக்கு வேணும்பா. இல்லன்னா நான் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன். இடம்கூட பார்த்து வச்சிட்டேன்."

"ம்" என்றார்.

அப்பா தொடப்போவதில்லை என்று முடிவுகட்டி, மகள் தன் ஏஜென்ட்டிடமே சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி, வெள்ளை, கேள்வி கேட்காத ஆள். வேலை உறுதியாகிவிட்டது என்று செய்தி வந்தது. ஆளின் பெயர் வராது, ஒரு நம்பர் மட்டும்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் பெயிண்டரின் போனில் வேலை வந்தது. விலாசத்தை இரண்டு தடவை படித்தார். அவருடைய வீடுதான். அப்பாவும் மகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அந்த ஏஜென்ட்டுகளுக்கு எங்கே தெரியும்? மும்முரமாகப் பேரம் பேசி, கூலியில் கொஞ்சம் குறைத்தும் முடித்திருந்தன. வேண்டாம் என்று ஒரு விரலால் தள்ளியிருக்கலாம். முப்பத்தோரு வீட்டில் ஒன்றைக்கூட அவர் தள்ளியதில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு, கையில் பக்கெட்டும் டப்பாவுமாகத் தன் வீட்டு மணியைத் தானே அடித்தார். மகள் கதவைத் திறந்து, சாவி எடுத்துப் போகவில்லையா என்று கேட்டாள்.

"வேலைக்கு வந்திருக்கேன்" என்று போனைக் காட்டினார்.

படித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகுதான் டப்பாவைப் பார்த்தாள். வெள்ளை இல்லை, நீலம்.

அறையின் பூட்டை அவரே திறந்தார். மூன்று சுவர் மளமளவென்று முடிந்தது. நாலாவது சுவரில், கட்டில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் மனைவியின் கைத்தடம் இருந்தது. ஐந்து விரலும் தெரிந்தது. ரோலர் நின்றுவிட்டது.

"முப்பத்தோரு வீட்லயும் இந்த மாதிரி கை இருந்துச்சு" என்றார். "ஒரு வீட்லகூட இது யாரோட கைன்னு நான் கேக்கல."

இரண்டு வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அட்டையில் 'அதிகம் பேச மாட்டார்' என்ற வரியை எடுத்துவிடட்டுமா, புது வீடு, பள்ளிக்கூடம் என்று வேறு வேலை வருமே என்றாள் மகள்.

"இருக்கட்டும். பக்கத்துல ஒண்ணு சேத்து எழுது. யாராவது பேசினா உக்காந்து கேப்பார்னு."

நின்ற இடத்திலேயே எழுதிவிட்டு, மகள் போனைக் கீழே வைத்தாள்.

"கடைசி வாரம் அம்மா என்கிட்ட ஒண்ணு சொன்னாங்கப்பா" என்றாள்.

பெயிண்டர் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.