லூர்து மேரியின் நான்கு குவார்க்குகள்

காரிமங்கலம் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரி ஆய்வக உதவியாளர் முனிராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "சார், நம்ம லூர்து மேரி மேடம் காலையில தவறிட்டாங்களாம்" என்றார். மூளையில் ரத்தக்கசிவாம். ஐம்பத்திரண்டு சாகிற வயதா? வெறும் பையோடு பஸ் ஏறினேன்.

ஒரே ஆசிரியர் அறையில் இருந்தும் நான்கு வருடமாக நான் அவரோடு பேசவில்லை என்பது கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். காரணம் தெரியாது.

அவர் இயற்பியல், நான் கணிதம். புரோட்டானுக்குள் குவார்க்குகள் என்ற இன்னும் சிறிய துகள்கள் மூன்று; மெசான் என்ற துகளில் ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும். இரண்டும் இரண்டுமாக நான்கு சேர்ந்த துகள் உண்டா, உண்டென்றால் உள்ளே எப்படி இருக்கும் என்று எண்பதுகளின் தொடக்கத்தில் பலர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். தர்மபுரியில் அவர் ஒருவர்.

"நாலும் ஒரே வூட்டுல இருக்குதுங்களா, இல்ல ரெண்டு ஜோடி பக்கத்துப் பக்கத்து வூட்டுல குடியிருக்குதுங்களா? வெளிய நின்னா தெரியாதுங்க சார். ஒடையறப்போ எப்படிப் பிரியுதுன்னு பாத்தாத்தான் தெரியும்" என்பார். இதனால் என்ன பிரயோஜனம் என்று கல்லூரி முதல்வர் ஒருமுறை கேட்டார். "தெரியலீங்க சார். தெரிஞ்சா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன்" என்றார், சிரிக்காமல்.

ஒன்றரை வருடம் உட்கார்ந்தோம். இயற்பியல் அவருடையது, கணக்கு என்னுடையது. 'ஒரே வீடுதான்' என்று விடை வந்தது. பெங்களூர்க் கருத்தரங்கில் வாசிக்க அழைப்பும் வந்தது. கிணற்றுத் தவளையாகவே ஓய்வு பெற்றுவிடுவேனோ என்றிருந்த எனக்கு, அச்சில் பெயர் வரப்போகும் ஒரே கட்டுரை அது. புதுச்சட்டை கூடத் தைத்துக்கொண்டேன்.

மொரப்பூரில் ரயில் ஏறியதும் தாள்களைப் பிரித்தார். ஜோலார்பேட்டை வருவதற்குள் முகம் மாறிவிட்டது. "ஏழாம் பக்கம் தப்புங்க சார்." அந்த நான்கும் இரண்டு மெசான்களாகப் பிரிய, ஜோடி மாற்றி இரண்டு வழிகள் உண்டு. அவற்றை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவையாக வைத்து நான் கூட்டியிருந்தேன். உண்மையில் ஒன்றின் ஒரு பங்கு மற்றதற்குள்ளேயே இருக்கிறது. அதைச் சரிசெய்தால் எங்கள் விடை நிற்காது.

"யாரும் கவனிக்க மாட்டாங்க மேடம். வாசிச்சிடுங்க."

"நாம கவனிச்சிட்டமே சார்."

மேடையில் ஆறு பக்கம் வாசித்துவிட்டு நிறுத்தினார். இதற்கு மேல் நாங்கள் போட்டது தவறு, சரியான விடை இன்னும் தெரியாது என்று சொல்லி இறங்கிவிட்டார். 'நாங்கள்' என்றாரே தவிர என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கோ பற்றி எரிந்தது. ஊர் திரும்பியதும், "என் பேரை எடுத்துடுங்க" என்றேன். "சரிங்க சார்" என்றார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. தப்பும் என்னுடையது, கோபமும் என்னுடையது. இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அடக்கம் முடிந்ததும் அவர் தம்பி ஒரு நோட்டைக் கொடுத்தார். "உங்க பேரு போட்டிருக்குதுங்க சார்." முதல் பக்கத்தில் இரண்டு பெயர்களும் இருந்தன. ஏழாம் பக்கம் சரியாகத் திரும்பப் போடப்பட்டிருந்தது. பத்தாம் பக்கத்தில் ஒரு தொகையீட்டில் கணக்கு நின்றுபோயிருந்தது. ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தார்: 'இது சாருக்கு வரும். கேட்கணும்.'

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

நான்கு நாள் உட்கார்ந்து அதைப் போட்டு முடித்தேன். அன்று எனக்குப் பெயர் வேண்டியிருந்தது. இன்று விடை வேண்டும். சோறு இறங்காத அளவுக்கு வேண்டும். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்த அரிப்புதான். ஆனால் அதற்கு மேல் இயற்பியல். அது அவருடையது.

மேடம், கணக்கு வந்திடுச்சிங்க. அடுத்த வரி என்னங்க?