மலைக்காரரின் குழல்

கூலாய் சந்தையில் பெத்தாய்க் காய்களின் பச்சை நெடி மூக்கில் ஏறியதும், சிறுவயதில் பெக்கோக்கில் நாங்கள் குடியிருந்த ரப்பர்த் தோட்டத்து லய வரிசை வீடுகளுக்கு வந்துபோன மலைக்காரர் நினைவில் வந்தார். தோட்டத்துக்குப் பின்னாலிருந்த மலையில் வாழ்ந்த பூர்வகுடிக்காரர் அவர். ஞாயிறுதோறும் பெத்தாய்க் கட்டுகளைச் சுமந்து இறங்கி வருவார். விற்று முடித்ததும் எங்கள் வீட்டெதிரே ரம்புத்தான் மரத்தடியில் அமர்ந்து மூங்கில் குழலை ஊதத் தொடங்குவார். ஈரக்காற்று புதருக்குள் நுழைவது போன்ற அந்தத் தணிந்த ஓசையில், துணி துவைக்கும் அம்மாவின் கைகூட மெதுவாகிவிடும்.

ஒரு ஞாயிறு வெறுங்கையோடு வந்தார். "பெத்தாய் தடா கா?" பெத்தாய் இல்லையா என்று அம்மா மலாயில் கேட்டார்.

"ஹூத்தான் சுடா ஹாபிஸ்." காடு தீர்ந்துவிட்டது என்றார். அவருடைய பாட்டு ஒவ்வொன்றும் மலையிலுள்ள ஓர் ஓடைக்கோ மரத்துக்கோ உரியதாம். அவை போன பிறகு யாருக்காக ஊதுவது என்று கேட்டார். அன்று அவர் ஊதவில்லை. அதன்பின் வரவுமில்லை.

இப்போது அந்த மலை முழுக்க எண்ணெய்க்காக நட்ட செம்பனை. எங்கள் லயத்தையும் இடித்துவிட்டார்கள்.

வீடு திரும்பி, "அவரு பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.



"மலைக்காரரேன்னுதான் கூப்புடுவோம். பேரு யாரும் கேக்கலையேப்பா."