பூசையில் நின்றவள்

லினெட் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள். செபராங் ஜெயாவில் ஒரு ஆபீசில் கிளார்க். வாய் நாறுகிறது என்று மேனேஜரிடமே சொல்லி, வேலையிலும் நிலைத்தவள். அப்படிப்பட்டவளுக்கு ஏழாம் மாதத்தில் மூலம் வந்தபோது மட்டும் வாய் ஒட்டிக்கொண்டது.

கர்ப்பத்தில் பலருக்கும் இது வருவதுதான் என்று கிளினிக்கில் நர்ஸ் நோர்மா களிம்பு கொடுத்தாள். தண்ணீர் நிறையக் குடிக்கவும் கீரை, பழம் சாப்பிடவும் சொன்னாள். லினெட் தினமும் கடல் பாலம் தாண்டி வேலைக்குப் போய்ச் சேரும் வரை காரில் ஒருக்களித்தே உட்கார்ந்தாள். மாதா கோயில் பெஞ்சில் அதுவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முழுவதும் பின்சுவரோரம் நின்றாள்.

"என்ன லினெட், நேர்ச்சையா?" என்று மாமியார் அமலம்மாள் கேட்டார்.

"ஆமா அத்தை."

அடுத்த வாரத்துக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிட்டது. "என் மருமக, வயித்துப் பிள்ளைக்காக நின்னே பூசை பார்க்கிறா" என்று அமலம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. லினெட்டுக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது. பின்னால் அவளை அதிகம் அறுத்தது அதுதான்.

மூன்றாம் வாரம் பெவர்லி வந்து பக்கத்தில் நின்றாள். அவளுக்கு நாலு மாதம். போன வருஷம் ஒரு பிள்ளை கலைந்துபோனது கோயிலில் எல்லாருக்கும் தெரியும்.

"நானும் நேர்ந்துகிட்டேன் அக்கா" என்று காதோடு சொன்னாள்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாட்டு தொடங்கிவிட்டது என்று லினெட் தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். அதன்பின் மூன்று ஞாயிறு இருவரும் சேர்ந்தே நின்றார்கள். மூன்றாவது ஞாயிறு பெவர்லி மயங்கிச் சரிந்தாள்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றது ஆஸ்பத்திரி. லினெட்டுக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் ஆரஞ்சுப் பழப் பையோடு பெவர்லி வீட்டுக்குப் போனாள்.

"நான் நேர்ச்சைக்கு நிக்கல லா. எனக்குப் பைல்ஸ், உட்கார முடியல. வெக்கப்பட்டுப் பொய் சொல்லிட்டேன். என்னாலதான் நீயும் நின்ன. மன்னிச்சிரு."

பெவர்லி திட்டவில்லை.

"உங்களுக்கும் ரத்தம் வருமா அக்கா?"

"டாய்லெட் போறப்ப கொஞ்சம் வரும். ஏன்?"

பெவர்லிக்குக் கண் நிறைந்தது. அவளுக்கும் நேர்ச்சைக்கு முந்தின நாள் ரத்தம் வந்ததாம். இந்தப் பிள்ளையும் போகிறது என்று நினைத்து, வீட்டில் சொல்லப் பயந்து, நேர்ந்துகொண்டாளாம். நேற்று டாக்டர் சோதித்த பிறகுதான் அது மூலம் என்று தெரிந்ததாம்.

"அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா, நானும் அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிருப்பேன். மூணு வாரமா தூங்கலக்கா."

லினெட் பழப் பையை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அடுத்த ஞாயிறு ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். நேர்ச்சை என்ன ஆயிற்று என்று அமலம்மாள் குனிந்து கேட்டார்.

"நேர்ச்சை இல்ல அத்தை. மூலம். பொய் சொன்னேன்."

நாலு பெஞ்சுக்குக் கேட்கும்படிதான் சொன்னாள். அமலம்மாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். பெவர்லி இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்திருந்தாள். பூசை முடியும் வரை அந்தப் பக்கம் திரும்ப லினெட்டுக்குத் தைரியம் வரவில்லை.