கலந்தர் மச்சான் ஒன்றியத்திலிருந்து விலகிய நாள்

என் அக்கா றஹீமா றாத்தாவைக் கலியாணம் முடித்த கலந்தர் மச்சானுக்கு ஒலுவிலில் வயல் இருந்தது, லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இருந்தது, அந்த லேண்ட்மாஸ்டர் சத்தத்தையும் மீறிக் கேட்கிற குரல் இருந்தது. பொறுமை மட்டும் இல்லை. எதில் சேர்ந்தாலும் விலகிவிடுவார். வாய்க்கால் தண்ணீர் முறையில் தகராறு வந்தபோது விவசாயிகள் குழுவிலிருந்து விலகினார். பள்ளிவாசல் கந்தூரிச் சோற்றுக்கு அடுப்பை எந்தப் பக்கம் பார்த்து வெட்டுவது என்ற வாக்குவாதத்தில் கந்தூரிக் குழுவிலிருந்து விலகினார். ஒருமுறை பஸ் கொண்டக்டரோடு கோபித்துக்கொண்டு, “இந்த பஸ்ஸில இருந்து நான் விலகிறன்” என்று அறிவித்துவிட்டு நிந்தவூரில் இறங்கி, உச்சி வெயிலில் வீடு வரை நடந்து வந்தார்.

அவர் விலகாத ஒரே இடம் வீடு. அதற்கும் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். வீடும் அதைச் சுற்றியுள்ள வளவும் கிணறும் முன்பக்கத்துக் கொட்டிலும் றாத்தாவின் சீதனம். கோபத்தில் மச்சான் யாரையாவது வெளியே போகச் சொன்னால், சட்டப்படி வெளியே போகவேண்டியவர் அவர்தான்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் எங்கள் ஊர் வாசிகசாலையின் கூரை பறந்தது. அது எங்கே விழுந்தது என்று இன்றுவரை யாரும் வந்து சொல்லவில்லை. மேசையையும் வாங்குகளையும் றாத்தாவின் கொட்டிலுக்குள் தூக்கிப் போட்டோம். கொட்டில்காரியின் புருசன் என்ற ஒரே தகுதியில் மச்சான் வாசிகசாலைத் தலைவரானார். நான் செயலாளர். மச்சானுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஒரு பக்கம் முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த தேத்தண்ணி ஆறிப் பச்சைத்தண்ணியாகிவிடும். ஆனால் கதை கேட்பதென்றால் மனிதருக்கு உயிர். அந்தி மஃரிபுத் தொழுகை முடிந்து வந்ததும் பாயில் சாய்ந்துவிடுவார். றாத்தா விளக்குப் பக்கத்தில் இருந்து சத்தமாக வாசிப்பாள். இதை வெளியில் சொல்லக்கூடாது என்பது என்னிடம் அவர் வாங்கிய சத்தியம். ஊர் முழுக்கத் தெரிந்த விசயத்துக்கு எதற்குச் சத்தியம் என்று நானும் கேட்கவில்லை.

எங்கள் வாசிகசாலை தனியாக நிற்கவில்லை. கல்முனையில் தொடங்கி ஒலுவில் வரைக்கும் இருந்த சிறிய வாசிகசாலைகளெல்லாம் கரையோர வாசிகசாலைகள் ஒன்றியம் என்ற ஒன்றில் சேர்ந்திருந்தன. எல்லாருடைய புத்தகங்களும் பொது. ஒரு தகரப் பெட்டியில் அடைத்து, பஸ் கூரையில் ஏற்றி, ஊர் ஊராக அனுப்புவார்கள். தலைமையிடம் கல்முனையிலிருந்த பெரிய வாசிகசாலை. ஒன்றியத் தலைவர் அப்துல் ஹமீட் சேர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். பெட்டி முதலில் கல்முனையில் திறக்கும், கடைசியில் எங்களிடம் வரும். எங்களிடம் வரும்போது குறுக்கெழுத்துப் போட்டியை யாரோ நிரப்பியிருப்பார்கள், அதுவும் பிழையாக. சமையல் குறிப்புகளைக் கத்தரித்திருப்பார்கள். நோன்புப் பெருநாள் மலர் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து வரும்.

இவற்றையெல்லாம் மச்சான் மன்னித்தாலும், ஒரு புத்தகத்தை மட்டும் மன்னிக்கவில்லை. கடும் பனியில் உழவு இயந்திரத்தைக் கிளப்பும் முறை பற்றிய தடித்த புத்தகம் அது. எந்தப் பெட்டி வந்தாலும் அதன் அடியில் அது இருக்கும்.

“பாத்தியா பாவா, நல்லதெல்லாத்தையும் கல்முனையில வெச்சிக்கிட்டு, இந்தக் குப்பையை நம்மட தலையில கட்டுறானுகள். ஒலுவிலில எப்ப பனி கொட்டின?” என்பார் என்னிடம். ஒவ்வொரு கூட்டத்திலும் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி முழங்குவார். கூட்டமும் கைதட்டும்.

இவ்வளவு இருந்தும் அவர் ஒன்றியத்தில் இருந்ததற்குக் காரணம் ஒரு தொடர்கதை. யாரோ ஒரு புண்ணியவான் வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்து, மூன்று பாகமாகக் கட்டி ஒன்றியத்துக்குக் கொடுத்திருந்தான். றாத்தா இரண்டு பாகங்களை வாசித்து முடித்திருந்தாள். இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், கதாநாயகியைச் சொந்த மாமனே புகையிலைக் கிடங்குக்குள் பூட்டிவிட்டான். விடிந்தால் வேறொருத்தனுடன் கலியாணம். மூன்றாம் பாகமோ கல்முனையில் யாரிடமோ மாட்டிக்கொண்டது. ஒரு போகம் வெட்டி, அடுத்த போகம் விதைத்தும் அது வரவில்லை. மச்சான் வயலில் உழுதுகொண்டிருக்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “கிடங்குக்குச் சன்னல் இரிந்திரிக்குமா?” என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

இந்த நிலையில்தான் ஹமீட் சேர் ஒரு கூட்டத்தில் வாய் தவறி, “இந்தச் சில்லறை வாசிகசாலைகள்” என்று சொல்லிவிட்டார். மச்சான் அங்கேயே எழுந்து, அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒலுவில் விலகும் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் சொன்னதில் மற்றச் சிறிய வாசிகசாலைகளுக்கும் ரோசம் வந்துவிட்டது. எல்லாரும் சேர்ந்து விலகுவதென்று இரகசியமாகப் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் றாத்தா கேட்டாள்.

“விலகின ஊருக்கு ஒன்றியத்துப் புத்தகம் தருவாகளா?”

“தரமாட்டாக.”

“அப்ப மூண்டாம் பாகம்?”

மச்சானின் முகம் ஒரு சுற்றுச் சுருங்கிப்போனது. “மனிசனுக்கு மானம் பெரிசு” என்றார்.

“அந்தப் புள்ள கிடங்குக்குள்ள கிடக்காள். உங்களுக்கு மானம் பெரிசா?”

“சொன்ன சொல்லு சொன்னதுதான்.”

றாத்தா அதற்குமேல் கதைக்கவில்லை. அவள் கதைக்காமல் விட்டால் எனக்குப் பயம். மச்சானுக்கு அந்த அறிவு வரவே இல்லை.

அடுத்த பொதுக்கூட்டம் முறைப்படி எங்கள் ஊருக்கு விழுந்தது. அதாவது றாத்தாவின் வளவில், றாத்தாவின் கொட்டிலுக்கு முன்னால், றாத்தாவின் சமையலோடு. மச்சான் திட்டத்தை என்னிடம் விளக்கினார். ஹமீட் சேர் கூட்டத்தில் யாரையும் கதைக்க விடமாட்டார். அவருடைய வாய் ஓய்வது சாப்பிடும்போது மட்டும்தான். ஆகவே அவருடைய வாய் நிறையச் சோறு இருக்கும்போதே மச்சான் எழுந்து அறிவிப்பார். அவர் எழுந்ததைக் கண்டதும் மற்ற ஊர்க்காரர்களும் எழுந்து, எல்லாருமாக வெளியேறவேண்டும். காரைதீவு வாசிகசாலைத் தலைவர் சாமித்தம்பி அண்ணனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“வட்டிலப்பத்துக்கு முந்தியா, பிந்தியா?”

“முந்தி.”

“பிந்தி எண்டா நல்லாயிரிக்கும்” என்றார், விருந்தின் கடைசியில் வரும் அந்த இனிப்பை விட மனமில்லாத அவர்.

மச்சான் இந்தப் பேச்சைக் கிணற்றடியில் கோழிகளுக்கு முன்னால் பயிற்சி எடுத்தார். றாத்தா சமைக்கிற குசினியின் சன்னல் கிணற்றடியைப் பார்த்துத்தான் இருந்தது.

கூட்டத்தன்று ஹமீட் சேர் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டியில் மூன்றாம் பாகமும் வந்திருப்பதாகச் சேர் வாசலிலேயே சொன்னார். மச்சானின் கால் ஒரு கணம் தடுமாறியதை நான் கண்டேன். ஆனாலும் மனிதர் கொள்கையில் உறுதியாகச் சேரை அழைத்துப்போய், ஒரே சஹனில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தார்.

அங்கேதான் அவர் பிழை விட்டார். சஹன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடும் பெரிய தட்டு. அதில் ஒரு முறை இருக்கிறது. கடைசி ஆளும் சாப்பிட்டுக் கையை எடுக்கும்வரை யாரும் எழும்பக்கூடாது. ஒருவர் எழும்பினால், பசியோடு இருப்பவரும் வெட்கப்பட்டுக் கையை எடுக்கவேண்டி வரும். விருந்தாளியைப் பசியோடு எழுப்புவதைப்போல ஒரு கேவலம் எங்கள் ஊரில் இல்லை, அதுவும் வீட்டுக்காரரே எழுப்புவது. ஹமீட் சேருக்கோ பல் மிகக் குறைவு. ஓர் இறைச்சித் துண்டை அவர் வாய்க்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அனுப்பி, திரும்ப வரவழைத்து, விழுங்கலாமா என்று யோசிப்பார்.

பரிமாறியது நான். நெய்ச்சோறு பாதி குறைந்தது. மச்சான் தொண்டையைச் செருமினார். உடனே குசினித் திரைக்குப் பின்னால் றாத்தாவின் குரல் கேட்டது.

“பாவா, அந்தச் சஹனுக்குச் சோறு காணாது.”

கொண்டுபோய்க் கொட்டினேன். சேர் “போதும் போதும்” என்று சொல்லிக்கொண்டே திரும்பக் கைபோட்டார். குறைந்தது. மச்சான் செருமினார். “பாவா, இறைச்சி.” போட்டேன். மறுபடியும் செருமல். “பாவா, கத்தரிக்காய்.” மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது. நான் என்ன செய்ய? அது றாத்தாவின் வீடு, எனக்கும் அடுத்த நாள் சோறு வேண்டும். சேர் தனியாகச் சாப்பிடக்கூடாதென்று மச்சானும் கூடவே சாப்பிடவேண்டி வந்தது. நெற்றி வேர்த்தது. சாரனின் இடுப்பு மடிப்பை மெல்லத் தளர்த்தினார். ஒரு மனிதர் மரியாதைக்காக இவ்வளவு சாப்பிட்டதை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மற்றச் சஹன்களுக்கும் சாப்பாடு குறைவில்லாமல் போயிற்று. வட்டிலப்பமும் வந்தது. சேர் ஒருவழியாகக் கையை எடுத்தபோது பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல நேரமாகியிருந்தது. மச்சான் கொட்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“நாங்க சில்லறை இல்ல. நாங்க விலகிறம்.”

யாரும் எழும்பவில்லை. எழும்புகிற நிலையில் யாரும் இல்லை. பாதிப் பேர் பாயிலேயே சரிந்துவிட்டார்கள். சாமித்தம்பி அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

“கலந்தர், மெய்தான். ஆனா இப்ப ஏலா. வாற வருசம் பாப்பம்.”

ஹமீட் சேர் வாயைத் துடைத்துக்கொண்டார். “சில்லறை எண்டு நான் சொன்னது பிழைதான். மன்னிச்சிருங்க. ஆனா விலகிறவர் விலகட்டும். விலகிறவர் கொண்டு வந்ததைக் கொண்டு போகலாம், அதுதான் ஒன்றியத்து முறை” என்று சொல்லி, தகரப் பெட்டியைத் திறந்து, அடியில் கையை விட்டு, அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்து மச்சானின் கையில் வைத்தார். கடும் பனியில் உழவு இயந்திரத்தைக் கிளப்பும் முறை.

“இது எங்கட இல்ல” என்றார் மச்சான்.

“உங்கட கையால வாங்கினன். ஒன்றியம் தொடங்கின அண்டைக்கு, உழவு மெசின் வாங்கினப்போ சும்மா தந்தாக எண்டு நீங்கதான் கொண்டு வந்து தந்த. நீங்க தூக்கிக் காட்டிக் கதைக்கிற நேரமெல்லாம் சொல்லுவம் எண்டு நினைப்பன். எல்லாரும் கைதட்டுறாகளே எண்டு விட்டிடுவன்.”

பாயில் சரிந்திருந்தவர்களெல்லாம் சிரிக்க எழும்பிவிட்டார்கள். விலக எழும்பாதவர்கள். மச்சான் புத்தகத்தோடு வெளியே நடந்தார். திரைக்குப் பின்னாலிருந்து றாத்தா நிதானமாகச் சொன்னாள்.

“அவர் விலகட்டும். வாசிகசாலை விலகாது. வளவு என்ட.” திரைக்கு வெளியே அவளுடைய கை நீண்டது. “மூண்டாம் பாகத்தைத் தாங்க சேர்.”

மச்சான் தெருவுக்குப் போன பிறகுதான் தன் வீட்டிலிருந்தே வெளிநடப்புச் செய்துவிட்டது அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். கூட்டம் முடியும்வரை உள்ளே வரமுடியாது. வேலிக்கு வெளியே, புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மாட்டுக்காரனைப்போல அங்குமிங்கும் நடந்தார். பாவமாகத்தான் இருந்தது. சிரிப்பும் வந்தது.

மஃரிபுக்குப் பிறகு வந்தார். பாயில் வழக்கமான இடத்தில் சாய்ந்தார். றாத்தா விளக்குப் பக்கத்தில் மூன்றாம் பாகத்தை விரித்து வைத்திருந்தாள்.

“வாசியன், கேப்பம்” என்றார் மச்சான்.

“விலகின ஆக்களுக்கு ஒன்றியத்துப் புத்தகம் இல்ல.”

மச்சான் கோபத்தோடு தன் புத்தகத்தை விரித்தார். “உ-றை-ப-னி-யில்…” என்று எழுத்துக் கூட்டினார். றாத்தா தன் பக்கத்தைப் பார்த்து, “ஐயோ பாவம்” என்றாள். மச்சான் நிறுத்திக் காதைக் கொடுத்தார். மறுபடி, “இ-யந்-தி-ரத்-தின்…” றாத்தா நெஞ்சில் கைவைத்து, “அல்லாஹ்வே, இவன் எங்கால வந்த?” என்றாள்.

“எவன்?” என்று கேட்டுவிட்டார் மச்சான்.

றாத்தா விளக்குத் திரியைக் கொஞ்சம் உயர்த்தினாள். மச்சான் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு என்னை, மச்சினன் என்றில்லாமல், பதவியால் கூப்பிட்டார்.

“செயலாளர், ஒன்றியத்தில ஆள் சேர்ற எண்டா என்ன செய்யணும்?”

“ஒரு புத்தகம் கொண்டு வரணும்” என்றேன்.

வாழ்நாளில் விலகிய எதிலும் திரும்பச் சேராத மனிதர், படுத்தபடியே கையை நீட்டி, உழவு இயந்திரப் புத்தகத்தை என்னிடம் தந்தார். நான் வாங்கிக்கொண்டேன். எண்பதுகள் முழுக்க அது பெட்டியின் அடியில் ஊர் ஊராகச் சுற்றியது. அதைத் தூக்கிக் காட்டி அவர் ஒருநாளும் கதைக்கவில்லை.

அப்போதுதான் றாத்தாவின் மடியைப் பார்த்தேன். அவள் விரித்து வைத்திருந்தது முதல் பக்கம். ஒட்டிக் கிடந்த அடுத்த தாள் இன்னும் பிரியவே இல்லை. இவ்வளவு நேரமும் அவள் ஒரு வரி வாசிக்கவில்லை. மச்சான் இல்லாமல் அவளுக்கும் அந்தக் கதை வேண்டியிருக்கவில்லை.

“கேக்கிறீங்களா?” என்றாள்.

“ஓம், கொஞ்சம் சத்தமா வாசி” என்றார் மச்சான்.